சிறையில் இருந்த ஏழு ஆண்டுகளுக்குக் குடியிருப்புச் சான்று கோருதல்

அனுப்புநர்:
ஆ. ஜெயசீலன் (வயது 43),
கரும்பு வெட்டும் தொழிலாளி,
மாதா கோயில் தெரு,
வில்லியனூர் கொம்யூன், புதுச்சேரி.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
தவறான தண்டனை இழப்பீட்டுக் குழு,
புதுச்சேரி.

பொருள்: என் இழப்பீட்டு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கரும்புத் தோட்டக் காவலாளி ஒருவரைக் கொன்றதாக 2017 மார்ச் மாதம் கைது செய்யப்பட்டு, ஆயுள் தண்டனை பெற்றேன். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் காட்டிய வாக்குமூலத்தில் இருந்த கையெழுத்து என்னுடையதே அல்ல என்று கண்டு, உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் என்னை நிரபராதி என விடுவித்தது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளும் புதுச்சேரிச் சிறையில்தான் இருந்தேன்.

2. இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தேன். கடந்த ஐந்து ஆண்டுகள் புதுச்சேரியில் தொடர்ந்து குடியிருந்ததற்குச் சான்று இல்லை என்று தங்கள் அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. விசாரிக்க வந்த அலுவலரிடம் பக்கத்து வீட்டுக் காசம்மாள் அக்கா, "இன்னா சார், நீங்கதான அவன ஜெயிலுக்கு இட்டுனு போனீங்க? எங்க இருந்தான்னு எங்கள கேக்குறீங்களே!" என்றிருக்கிறார். அலுவலர் "குடியிருக்கவில்லை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

3. தங்கள் அலுவலக எழுத்தர், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, ஒரு வழி சொன்னார். ஐந்து ஆண்டும் நான் வாடகைக்கு இருந்ததாக வீட்டுக்காரரிடம் கடிதம் வாங்கி, நானும் கையெழுத்துப் போட்டால் மூன்றே நாளில் முடித்துத் தருகிறாராம். ஐயா, ஒரு பொய்க் காகிதம்தான் என்னை உள்ளே தள்ளியது. இன்னொரு பொய்க் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். வழக்குக்காக வீட்டை விற்றுவிட்டு வாடகைக்கு இருக்கிறோம், பணம் வேண்டும்தான். கடைசி நாள் இம்மாதம் 30 என்பதும் தெரியும். இருந்தும் மாட்டேன்.

பள்ளியில் அப்பா எங்கே என்று கேட்டால், துபாயில் என்று சொல்லி வந்தாள் என் மகள் ஜெயசித்ரா. அவள் கூசி மறைத்த முகவரியை இப்போது நானே எழுதித் தருகிறேன்: சிறைச்சாலை, இரண்டாம் பிளாக், கைதி எண் 318. சிறையில் தந்த விடுதலைச் சான்றின் நகலை இணைத்துள்ளேன்.

அதையே குடியிருப்புச் சான்றாக ஏற்று, 30ஆம் தேதிக்குள் என் விண்ணப்பத்தைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால், அந்த ஆண்டுகளில் ஜெயசீலன் புதுச்சேரியில் இல்லை என்று முத்திரையிட்டு எழுத்தில் கொடுங்கள். அப்படியானால் உங்கள் சிறையில் கிடந்தது யார் என்று நீதிமன்றத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: வில்லியனூர்
நாள்: 12.08.2024

இந்த முறை நானே போட்ட கையெழுத்துடன்,
ஆ. ஜெயசீலன்