பனிக்கடலுக்குப் போகிறாள் உன் அம்மா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நேற்று நம் மருந்துக்கடையில் இருமல் மருந்து கேட்டவரிடம் கண்ணில் விடும் சொட்டு மருந்தை எடுத்து நீட்டினேன், நல்லவேளை அவரே பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு சட்டைக்குப் பித்தான் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள், கழற்றாமல் அதே கையோடு எடுத்ததில் கண்ணாடி டம்ளர் இரண்டு போயிற்று.

அவள் உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பாள். தென்துருவப் பனிக்கடலுக்கு ஓர் ஆராய்ச்சிக் கப்பல் போகிறது, கூடவே ஒரு பள்ளி ஆசிரியரும் போய் அங்கிருந்தே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டுமாம். இவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், ஆனால் பள்ளியின் ஆதரவு இருந்தால்தான் இடம் உறுதி. அதற்காகக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தாள். தலைமையாசிரியையோ, பரீட்சை நேரத்துல எப்படி விடறது, பெத்தவங்க சம்மதிச்சா எனக்கொண்ணும் இல்லை என்று நழுவிவிட்டார். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம், படம் காட்டும் கருவியைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துப் போனாள். உள்ளதைச் சொல்கிறேன், இதோடு அவள் ஆசை அடங்கிவிடும் என்று நினைத்துத்தான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அவள் அதிகம் பேசவில்லை. இத்தனை வருஷமா உலகப் படத்துக்கு அடியில இருக்கிற வெள்ளையைத் தொட்டுக் காட்டி, இது பனின்னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடறேன், போன வாரம் ஒரு பொண்ணு அந்தப் பனி உடையறப்போ சத்தம் எப்படி இருக்கும் டீச்சர்னு கேட்டா, எனக்குத் தெரியலை, போய்க் கேட்டு அவளையும் கேட்க வைக்கணும் என்றாள். அப்போது மீன் பதப்படுத்தும் கம்பெனிக்காரர் எழுந்து, எல்லாம் சரி டீச்சர், உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார் என்று கேட்டுவிட்டார். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டதம்மா. அவள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், உன் அம்மா தலைகுனிந்து நான் பார்த்ததே இல்லை. எப்படி எழுந்தேனோ, எனக்குப் பயமாத்தான் இருக்கு, தூக்கமே இல்லை, ஆனா அவ போகணும், பாடம் நடத்தறது அவ வேலை, திரும்பி வர்ற வரைக்கும் பயப்படறது என் வேலை என்று சொல்லிவிட்டேன். சிரித்தார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள்.

அந்தக் கம்பெனிக்காரரே தன் குளிர் அறையில் வந்து பழகிக்கொள்ளச் சொன்னார். நானும் உள்ளே போனேன், பல் தந்தியடித்தது, போன வேகத்தில் வெளியே ஓடி வந்துவிட்டேன். அவள் மீன் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, கையுறையோடு சிலேட்டில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு சிவக்க வெளியே வந்து சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். நான் என் தோள் துண்டை எடுத்து அவள் கழுத்தில் சுற்றிவிட்டேன்.

இடம் உறுதியாகிவிட்டது, அடுத்த மாதம் கப்பல். ஊரையே சம்மதிக்க வைத்தவள் உன்னிடம் மட்டும் அதைச் சொல்ல வாய் திறக்கவில்லை. இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம் என்று நீ ஒருநாள் போனில் கேட்டாயே, அதிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே அடுப்படிக்குப் போய்விடுகிறாள். உன்னைக் குறை சொல்லவில்லை, நானும் அதையேதான் நினைத்தேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் அவளுக்கு ஒரு போன் போடு. மாத்திரை எடுத்தாயா, முழங்கால் வலிக்கிறதா என்று கேட்க நான் இருக்கிறேன். நீ, அங்கே இறங்கினதும் முதல்ல எதைம்மா பார்க்கப் போற என்று மட்டும் கேள். அப்புறம் அவள் பேசி முடிக்கும் வரை போனை வைக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் நீண்ட காலம் நன்றாக இருங்கள்.

ஆளுக்கொரு திசையில் உங்களை அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருக்கும்,
அப்பா