சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சொல்

1903 பிப்ரவரி 2, திங்கள்

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துப் பக்கம் உள்ள ரொட்டிக் கிடங்கில் மாவு பிசையும் மிஷின் இன்று முதன்முதலாக ஓடியது. அப்போது இருந்தவர்கள்: முதலாளி சௌந்தரராஜன், அங்கே மேஸ்திரியாக இருக்கும் என் வீட்டுக்காரர் பர்னபாஸ், மாவு வேலை செய்யும் காத்தவராயன், அவர் மனைவி பாப்பம்மா, எஞ்சின் பார்க்கும் ராஜப்பா, ஜெபம் பண்ண வந்த உபதேசியார் நேசமணி, என் நாத்தனார் டெய்சி, நான். வேறு யாரும் இல்லை.

உபதேசியார் ஜெபித்து முடித்ததும் காத்தவராயன் தேங்காய் உடைத்தார். உபதேசியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பவில்லை. ஆண்டவர் கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பெரிய இரும்புத் தொட்டி. உள்ளே வளைந்த இரண்டு இரும்புக் கைகள். எஞ்சின் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே நின்று ராஜப்பா ஒரு மரப்பிடியைத் தள்ளினால் பெல்ட் ஓடி, இந்தப் பக்கம் இரும்புக் கைகள் சுற்றும். தொட்டி அவர் கண்ணுக்குத் தெரியாது. இந்தப் பக்கமிருந்து இவர், என் வீட்டுக்காரர், குரல் கொடுக்க வேண்டும்.

காத்தவராயன் மிஷினுக்கு மாமியார் என்று பேர் வைத்தார். “கைய நீட்டினா புடிச்சிக்கும், உடாது.” பாப்பம்மா, “எங்க அம்மாவ இன்னாத்துக்கு இங்க இழுக்கற?” என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

பிப்ரவரி 5

தொட்டிக்கு ஒரு கம்பிவலை மூடி உண்டு. முதலாளி கழற்றச் சொல்லிவிட்டார். ஓரத்தில் ஒட்டும் மாவை வழிக்க ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கினால் நேரம் போகிறதாம். மூடி எங்கள் வீட்டுச் சுவரில் சாத்திவைக்கப்பட்டிருக்கிறது. டெய்சி அதன்மேல் வடகம் காயப்போட்டிருக்கிறாள்.

பிப்ரவரி 11, புதன்

ராஜப்பா சாயங்காலம் காப்பிக்கு வந்தார். முன்பு சுரங்கத்தில், ஆட்களைக் குழிக்குள் இறக்கும் கேஜ் கூண்டருகே வேலை பார்த்தவர். மூச்சிரைப்பு வந்து இங்கே மாறினார். தண்ணீர் தவிர வேறு எதுவும் குடிக்கிறவர் அல்ல. நம் வீட்டுக் காப்பியையே பாதி வைத்துவிடுவார்.

“குழியில வாய்க்கு வேலையே இல்லக்கா. கயித்த இழுத்தா மேல மணி அடிக்கும். ஒண்ணு அடிச்சா நிறுத்து. வாயால சொன்னா எவன் காதுல இன்னா உழும்னு யாருக்குத் தெரியும்?”

இவர் சிரித்தார். “ரொட்டிக்கு எதுக்குடா மணி? இது இன்னா கோயிலா?”

ராஜப்பாவும் சிரித்துவிட்டார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

காத்தவராயன் கை.

பிப்ரவரி 25, புதன். லெந்து நோன்பு ஆரம்பம்

நேற்று எழுத முடியவில்லை.

விடிவதற்கு முன் நடந்தது. தொட்டியின் அடியில் மாவு இறுகிவிட்டது. இவர் மிஷினை நிறுத்தச் சொன்னார், நின்றது. காத்தவராயன் கையை உள்ளே விட்டு இறுகியதைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மிஷின் ஓடிவிட்டது. ராஜப்பா பிடியைத் தள்ளிவிட்டார்.

அலறல் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. நான் ஓடியபோது இவர் அந்தக் கையை மாவுச் சாக்கால் சுற்றிப் பிடித்திருந்தார். தொட்டியில் இருந்ததை எழுத மாட்டேன்.

வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் பாப்பம்மா அழவில்லை. என்னைப் பார்த்து, “உங்க வூட்டுக்காரர் பக்கத்துலதானே இருந்தாரு?” என்று மட்டும் கேட்டாள்.

கர்த்தாவே, அவளுக்கு நான் என்ன சொல்ல?

பிப்ரவரி 27

ராஜப்பா குடித்திருந்தார் என்று முதலாளி எல்லோரிடமும் சொல்கிறார். இன்று வேலையை விட்டு நீக்கிவிட்டார். ராஜப்பா வாசலில் நின்று, “அண்ணே, நீங்க சொல்லித்தானே தள்ளினேன். சொல்லுங்கண்ணே,” என்று இவரிடம் கேட்டாராம். இவர், “நான் ஓட்டச் சொல்லவே இல்லை” என்றாராம்.

இவர் பொய் பேசுகிறவர் அல்ல. கல்யாணம் ஆன நாள் முதல் பார்க்கிறேன். ராஜப்பாவும் அல்ல. பிறகு எப்படி?

மார்ச் 1, ஞாயிறு

ராஜப்பா குடியாத்தம் பக்கம் அக்காள் ஊருக்குப் போய்விட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. தெருவில் பிள்ளைகள், “குடிகாரன் கைய வெட்டிட்டான்” என்று ராகம் போட்டுப் பாடுகிறார்கள். விரட்டினேன்.

நாளை முதல் மிஷினுக்குப் புது ஆள். மாரிகுப்பத்திலிருந்து ஒருவன். மூடி இன்னும் எங்கள் சுவரில்தான் இருக்கிறது.

மார்ச் 4

கணக்கு எழுதினேன். இரண்டு தடவை கூட்டியும் தப்பு. அடித்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

இன்று கிணற்றடியில் நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

டெய்சி ராட்டினத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். குடம் பாதி வழி வந்துவிட்டது. அருகில் பக்கத்து வீட்டுப் பார்வதம்மா கல்லில் ஒட்டிய பாசியைச் சுரண்டிக்கொண்டு நகராமல் நின்றாள். நேரமாகிறதே என்று நான் பார்வதம்மாவைப் பார்த்து, “அட, விடு! போதும்!” என்றேன்.

டெய்சி கயிற்றை விட்டுவிட்டாள். குடம் கிணற்றுச் சுவரில் மோதி விழுந்து நசுங்கிப்போனது.

“இன்னாடி பண்ணே!”

“நீங்கதானே அண்ணி விடுன்னீங்க?”

“உன்னையாடி சொன்னேன்?”

“எனக்கு எப்டித் தெரியும்? நான் கிணத்த இல்ல பாத்துகினு இருந்தேன்!”

அப்படியே கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். குடத்துக்காக அழுகிறேன் என்று பார்வதம்மா நினைத்து, “ஒடுக்கு எடுத்துக்கலாம் போங்க” என்றாள்.

இவர் வந்ததும் சாப்பாடு போடும் முன்பே கேட்டேன். “அன்னிக்கு என்ன வார்த்தை சொன்னீங்க?”

“ஓட்டுன்னு சொல்லல. எத்தனை தடவை சொல்றது?”

“என்ன சொல்லலன்னு கேட்கல. என்ன சொன்னீங்க?”

“விடுன்னு சொன்னேன். காத்தவராயன்கிட்ட. துரைமார் மெஸ்ஸுக்கு ரொட்டி போக நேரமாச்சு. விடு, மிச்சம் கிடக்கட்டும்னு...”

“மிஷினை ஓட்டணும்னா ராஜப்பாகிட்ட தினமும் என்ன சொல்வீங்க?”

“விடுன்னுதான்...” என்றார். கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையையும். சோறு ஆறிப்போயிற்று.

மார்ச் 8, ஞாயிறு

ஆலயத்தில் இவர் நற்கருணைக்கு எழுந்து போகவில்லை. நானும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னார்: “நான் போய்ச் சொன்னா மேஸ்திரி வேலை போகும். வேலை போனா இந்த வீடும் போகும். டெய்சி கல்யாணம் பேசியிருக்கு.”

தெரியும் என்றேன்.

“சொல்லாம இருந்தா?” என்றார்.

நாளைக்கும் அதே வார்த்தையைத்தான் அந்த மாரிகுப்பத்து ஆளுக்கும் சொல்லப்போறீங்க என்றேன். அவரைத் தள்ளுகிறேனோ? சோறு போடுகிற கையை நானே உதறுகிறேனோ? மண்டியிட்டேன். ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

மார்ச் 9, திங்கள்

போனார். சொல்லிவிட்டார்.

முதலாளி, “ஆள் போயிட்டான், கதை முடிஞ்சிருச்சி. நீ எதுக்கு அதைக் கிண்டறே?” என்றாராம். இவர், மூடியும் மணியும் வைக்காமல் மிஷின் பக்கம் போகமாட்டேன், மெஸ் ரொட்டிக்குக் கையாலேயே பிசைகிறேன் என்று சொல்லி, சட்டையைக் கழற்றி மாவுப் பலகைக்குப் போய்விட்டார். மாரிகுப்பத்து ஆளும் பிடியைத் தொட மறுத்துவிட்டானாம். பயந்துவிட்டான். பயம் நல்லது.

சாயங்காலம் இருவரும் காத்தவராயன் வீட்டுக்குப் போனோம். இவர் நின்றுகொண்டே சொன்னார். பாப்பம்மா கேட்டு முடித்து, “ஒரு வார்த்தையா? அவ்ளோதானா? ஒரு வார்த்தைக்கா என் புருசன் கை?” என்று கத்தினாள். சொம்பை எடுத்து எறிந்தாள். இவர் தோளில் பட்டது. இவர் நகரவில்லை.

காத்தவராயன் படுத்தபடியே அவளிடம், “உடு மே,” என்றார். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுக் கூரையைப் பார்த்தார். பிறகு, “ராஜப்பன் குடிக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். என்னத் தூக்கறப்போ அவன் மேல எஞ்சின் எண்ணெ வாசனைதான் அடிச்சுது,” என்றார்.

மார்ச் 16

மெஸ்ஸுக்கு ரொட்டி பாதிதான் போகிறது. துரைமார் முறையிட்டார்களாம். பிசைந்து பிசைந்து இவர் தோள் வீங்கியிருக்கிறது. விளக்கெண்ணெய் தடவினேன்.

மார்ச் 19

முதலாளியின் ஆட்கள் வந்து மூடியை எடுத்துப்போனார்கள். டெய்சி வடகத்தை வாரிக்கொண்டு ஓடினாள்.

மார்ச் 23, திங்கள்

மூடியைத் திருகி மாட்டியாயிற்று. சுவரில் ஓட்டை போட்டுக் கயிறு விட்டு, அந்தப் பக்கம் மணி கட்டியிருக்கிறார்கள். ஒன்று அடித்தால் நிறுத்த வேண்டும். இரண்டு அடித்தால் ஓட்ட வேண்டும். வாயால் யார் என்ன சொன்னாலும் பிடியைத் தொடக்கூடாது.

இவர் இனி மேஸ்திரி இல்லை. மாவுப் பலகை ஆள். வீடு இருக்கிறது, வருஷக் கடைசி வரை.

ஏப்ரல் 2

டெய்சியைப் பெண் பார்த்தவர்கள் ஆள் அனுப்பவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கிணற்றடியில் எல்லோரும் இப்போது “விடு” என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்கிறார்கள். பார்வதம்மா மட்டும் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணுகிறாள்.

ஏப்ரல் 13, திங்கள். உயிர்த்தெழுதலுக்கு மறுநாள்

நேற்று இருவரும் நற்கருணை வாங்கினோம்.

இன்று காலை படுக்கையிலிருந்தே மணி கேட்டது. கயிற்றை இழுப்பது காத்தவராயன். இடது கையால். முதலாளி மனசு வந்து கொடுத்த வேலை அல்ல. பாப்பம்மா கிடங்கு வாசலில் தினமும் போய் உட்கார்ந்து வாங்கியது.

குடியாத்தத்துக்குப் போகிற ஒருவர் கையில் அனுப்ப எழுதியதை இங்கேயும் பார்த்து எழுதி வைக்கிறேன்.

ராஜப்பா தம்பிக்கு ஜூடித் அக்கா எழுதுவது. இதை யாராவது உங்களுக்கு உரக்கப் படிக்கட்டும், ஊர்க்காரர்களும் கேட்கட்டும். நீங்கள் குடித்திருக்கவில்லை. அன்று விடு என்று சொன்னது இவர். காத்தவராயனிடம் சொன்னார், அது உங்களுக்கும் கேட்டது. இதை இவரே முதலாளியிடம் சொல்லிவிட்டார். நீங்கள் சொன்ன மாதிரியே மணி கட்டியிருக்கிறது. பிடியில் நிலையான ஆள் இல்லை, அன்றன்று கிடைத்தவரை நிறுத்துகிறார்கள். மாரிகுப்பத்து ஆள் போய்விட்டான். உங்களைக் கூப்பிடலாம் என்று முதலாளி தலையாட்டிவிட்டார். காத்தவராயன், அவன் வந்தால்தான் நான் கயிற்றை நிம்மதியாக இழுப்பேன் என்கிறார். பாப்பம்மாவிடம் உங்களுக்கு என்ன எழுத என்று கேட்டேன். வரச்சொல்லு என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இவர் உங்களிடம் நேரில் பேச வேண்டியது இருக்கிறது. வருவீர்களா, மாட்டீர்களா என்று சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.