உச்சரிப்புக்காகத்தான்

என் பட்டதாரி மனைவிக்கு,

நலம்தானே? உன் முட்டிவலியும் உன் அம்மாவின் கோபமும் குறைந்தனவா?

எட்டாம் வகுப்போடு நின்ற நான் கிடங்குக்கு மேற்பார்வையாளராகிவிட்டேன். நேற்று மேனேஜர் கூப்பிட்டு, "இந்த இங்கிலீஷ் ரிப்போர்ட்டெல்லாம் யாருய்யா எழுதறது?" என்றார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"என் சம்சாரம் சார். போன்ல அனுப்புவா, பார்த்து எழுதிடுவேன்."

அவர் சிரித்துவிட்டார். "உனக்குப் பொண்டாட்டி, எனக்கு அப்பா. அவர் முதலாளியா இல்லேன்னா இந்த நாற்காலி எனக்கு ஏது?"

போன உயிர் திரும்பியது.

இனி திங்கட்கிழமைதோறும் அறிக்கையை எல்லோர் முன்னும் நான் வாசிக்க வேண்டுமாம். அதனால் நீயே படித்து, குரலைப் பதிந்து அனுப்பு. உச்சரிப்புக்காகத்தான் கேட்கிறேன். நடுவில் குக்கர் விசில் வந்தால் வெட்டிவிடாதே.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் எட்டாம் வகுப்பு