ஒரு பக்கம் கருகிய சங்கரா மீன்

அம்மா மண்டபம் சாலையில் சோளக்கதிர் சுடும் தள்ளுவண்டி ஒன்று புதிதாக வந்திருக்கிறது. ஒரு பெண் கதிரைக் கரியில் புரட்டிப் புரட்டிச் சுட்டு, பாதி எலுமிச்சம்பழத்தை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தோய்த்து மேலே தேய்த்துத் தருகிறாள். நேற்று மாலை காவிரிப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது அந்த வாசனை மூக்கில் ஏறியது. கரி, எலுமிச்சை, மிளகாய். மீன் ஒன்றுதான் குறை. அப்படியே நடுவழியில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர், "ஓரமா நின்னு யோசிங்கம்மா" என்றார்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. உன்னை நினைத்து நான் அழவில்லை. அதை நீ என்னிடம் எதிர்பார்த்திருக்கவும் மாட்டாய். பள்ளிக்கூடத்தில் நீ தமிழ், நான் விலங்கியல். ஆசிரியர் அறையில் ஒரே மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தியாக உட்கார்ந்தே தலை நரைத்தோம். யாராவது இறந்துபோன செய்தி வந்தால் நீ முந்தானையால் கண்ணைத் துடைப்பாய். நான் என்ன வியாதி என்று விசாரிப்பேன். "உன் நெஞ்சுல ஓடுறது ரத்தம் இல்லடி, ஃபார்மலின்" என்பாய். பாட்டிலில் தவளையை ஊறப்போடும் திரவத்தைத்தான் சொல்கிறாய் என்று மற்ற டீச்சர்களுக்கு விளக்குவதும் நான்தான்.

வியாதி உனக்கு வந்தபோதும் நான் புத்தகத்தைத்தான் எடுத்துப் படித்தேன். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி முடிந்து, கொட்டின முடி மறுபடி குட்டையாக முளைத்திருந்த சமயம், "கடலைப் பாக்கணும் போல இருக்குடி. நீயும் நானும் மட்டும் போவோம்" என்றாய். உன் வீட்டுக்காரர் அரியமங்கலத்து லேத் பட்டறையைப் பூட்டிவிட்டுத் தானும் வருவதாக நின்றார். நீ விடவில்லை. தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலிலேயே ஒரு பலகை வைத்திருந்தார்கள். மீன் சுடுவதற்கு வகுப்பு, நீங்களே உங்கள் கையால் செய்யலாம், ஓர் அடுப்புக்கு இரண்டு பேர். நான் காபி குடித்து முடிப்பதற்குள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாய்.

"உனக்கென்ன புத்தி கித்தி கெட்டுப்போச்சா? ஸ்ரீரங்கத்துலேர்ந்து கிளம்பி வந்து நான் மீன் சுடணுமா?"

"திங்கவா சொன்னேன்? சுடத்தானே சொன்னேன். எத்தனை தவளையை அறுத்தவ நீ. செத்த மீனு உன்னை என்ன பண்ணிடும்?"

"அது பாடம்டி."

"இதுவும் கிளாஸுதான். போர்டுல போட்டிருக்கு பாரு."

"ஆத்துல தெரிஞ்சா என்ன சொல்லுவா?"

"எதுக்க இவ்ளோ பெரிய கடல் கெடக்குதே, முடிச்சுட்டு ஒரு முழுக்குப் போட்டுக்கோ. எல்லாம் போயிடும்."

உன்னோடு வாதாடி நான் ஜெயித்ததே இல்லை. தொடுவது, ஆனால் வாயில் வைப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்துக்கு மீன் கொண்டுவரும் நாட்களில் நீ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவாயே, நான் கேட்காமலே செய்தது அது. அதற்குப் பதிலாக இதையாவது செய்யலாம் என்று தோன்றியது.

வகுப்பு எடுத்தவரை எல்லாரும் மாஸ்டர் என்றார்கள். அந்தக் கரையோர ஊர்க்காரர். கீற்றுக் கொட்டகைக்குக் கீழே கரி அடுப்புகள் வரிசையாகக் கனன்றுகொண்டிருந்தன. ஜோடிக்கு ஒரு சங்கரா மீன் கொடுத்தார். சிவப்பாக, கண் தெளிவாக, நல்ல மீன். நான் பாட்டுக்குச் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்து, பக்கவாட்டில் ஓடும் கோட்டை விரலால் தடவி, தண்ணீரின் அசைவை மீன் இதன் வழியாகத்தான் உணர்கிறது என்று உனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மாஸ்டர் அசந்துபோய், "டாக்டரம்மாவா?" என்று கேட்டார்.

"தவளை டாக்டர்" என்றாய் நீ.

வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, கழுவி, இரண்டு பக்கமும் சாய்வாகக் கோடு போட்டேன். மாஸ்டர் பூண்டை நீட்டினார். பூண்டு எங்கள் வீட்டில் சேர்ப்பதில்லை, நான் உரிக்க மாட்டேன் என்றேன். "மீனைக் கிழிப்பாளாம், பூண்டு ஆகாதாம். இந்த நியாயத்தை எங்க போய்ச் சொல்றது மாஸ்டர்?" என்று நீ கையை விரித்தாய். அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று மணலில் விழுந்தது.

மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, நீ அரைத்துக் கொடுத்த இஞ்சி பூண்டு, எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்த்து நான்தான் மசாலா குழைத்தேன். ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார் மாஸ்டர். முடியாது என்று தலையாட்டினேன். வெறும் மசாலாதானே என்று அவருக்கு ஆச்சரியம். எங்கள் வீட்டில் சமையலுக்குத் தளிகை என்று பேர். பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணும் முன்னால் அதை நாக்கில் வைக்கக் கூடாது. மோந்து பார்த்தாலே சாப்பிட்ட மாதிரிதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உப்பை என் உள்ளங்கைதான் அளக்கிறது. பக்குவத்தைக் கண்ணும் காதும் பார்த்துக்கொள்ளும். ஆவி வரும்போது முகத்தைத் திருப்பி மூச்சைப் பிடித்துக்கொள்வேன். யோசித்துச் செய்வதில்லை, தானாக வருவது. அதனால் கிண்ணத்தை உன் பக்கம் தள்ளினேன்.

நீ விரலால் வழித்து நாக்கில் தடவி, கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா! உப்பு, உறைப்பு எல்லாம் கணக்கா இருக்குடி" என்றாய்.

நான் அதுவரை உப்பே போட்டிருக்கவில்லை. உப்பு டப்பா பக்கத்து அடுப்பில் ஒரு புதுமணத் தம்பதியிடம் இருந்தது. அவர்கள் போட்டோ எடுத்து முடித்துத் தரட்டும் என்று காத்திருந்தேன்.

உன்னையே பார்த்தேன். நீ முதலில் சிரித்தாய். அப்புறம் என் கண் உப்பு டப்பா பக்கம் போனதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"மருந்து ஏத்த ஆரம்பிச்சதுலேர்ந்து. சோறு, மண்ணு எல்லாம் ஒண்ணுதான்டி எனக்கு. மோப்பமும் சரியா இல்ல."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு லேட்டாகும்னாரு. அவருகிட்டதான் சொல்லலை."

'அவர்' உன் வீட்டுக்காரர். அதற்குமுன் வெந்நீர்கூட வைத்தறியாத மனிதர், நீ படுத்ததும் சமையலறைக்குள் நுழைந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரே மார்க்கெட்டுக்குப் போய், அவரே அலசி, மீன் குழம்பு வைப்பார். "வெச்சுட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிப்பாருடி. எப்படியிருக்குன்னு கேப்பாரு. என்னன்னு சொல்ல? ஒண்ணுமே தெரியலைன்னு சொன்னா அந்த மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாரு" என்றாய். நெருப்பில் நேராகச் சுட்டதிலாவது ஏதாவது தெரியுமா என்று பார்க்கத்தான் இந்த வகுப்பில் சேர்ந்தாயாம். வீட்டில் முயற்சி செய்தால் அவர் கண்டுபிடித்துவிடுவாராம்.

"அவருகிட்ட மூச்சு விட்டுடாதே. சத்தியம்?"

"சரி" என்றேன்.

உப்பு டப்பா வந்தது. உள்ளங்கை சொன்ன அளவுக்கு மேல் கொஞ்சம் போட்டேன். இன்னொரு எலுமிச்சம்பழம் பிழிந்தேன். கம்பி வலைக்குள் மீனை வைத்துக் கரிமேல் போட்டுவிட்டு, இடுக்கியும் கையுமாக நின்றேன். நாக்கிலுள்ள சுவை மொட்டுகளைப் பற்றி வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டவள் நான். அந்தச் செல்கள் புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். உனக்கு ஏன் முளைக்கவில்லை என்று கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். புகை எழும்பியது. வழக்கம்போல முகத்தைத் திருப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கொட்டகையில் இருந்த அத்தனை பேர் மூக்குக்கும் எட்டிய தீய்ந்த வாடை நம் இரண்டு பேருக்கு மட்டும் எட்டவில்லை.

"அம்மா! மீனு கரியுது!" என்று மாஸ்டர் ஓடிவந்து வலையைத் திருப்பினார். அடிப்பக்கம் கன்னங்கரேல்.

"இதையென்ன பெருமாளுக்கா படைக்கப் போறே, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கிறே?" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

மறுபக்கம் அழகாகவே வெந்தது. மாஸ்டர் வேறு மீன் தருவதாகச் சொல்லியும் நீ கேட்கவில்லை. வாழை இலையில் எடுத்துவைத்து, முதலில் நல்ல பக்கத்தில் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாய். மென்றாய். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாய். அப்புறம் ஏனோ மீனைப் புரட்டி, கருகின தோலோடு ஒரு துண்டு பிய்த்துப் போட்டுக்கொண்டாய். இரண்டு தரம் மென்றதும் தாடை நின்றது.

"கசக்குதுடி" என்றாய் மெதுவாக. அப்புறம் ஊருக்கே கேட்கும்படி, "கசக்குது! ஐயோ, நல்லாக் கசக்குதுடி!" என்றாய்.

பாவம், மாஸ்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அந்தப் புதுமணத் தம்பதி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நீயோ கருகினது அத்தனையையும் விரலில் கரி ஒட்ட ஒட்ட, கண்ணில் தண்ணீர் வழிய, சுரண்டிச் சுரண்டித் தின்றாய். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் வாழ்க்கையில் பல நாள் இருந்ததில்லை. அதை அப்போது சொல்லவில்லை. புடவையோடு கடலில் இறங்கி முழுக்குப் போட்டேன். நீ கரையில் நின்று, "இன்னொண்ணு போடு, பூண்டுக்குச் சேத்து!" என்று கத்தினாய்.

ஊருக்குத் திரும்பிய பிறகு என் தளிகையே மாறிப்போனது. வேப்பம்பூ ரசம், சுண்டை வற்றல், பாகற்காய், கருக வறுத்த மணத்தக்காளி, ஒரு பக்கம் தீய்ந்த அப்பளம் என்று தூக்கில் அடைத்துக்கொண்டு, பஸ் ஏறிப் பாலம் தாண்டி உன் வீட்டுக்கு வருவேன். பெருமாளும் அதைத்தான் கண்டருளினார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரர்தான், "என்ன டீச்சர், ஒரே கசப்பாக் கொண்டாறீங்க?" என்பார். "உடம்புக்கு நல்லது சார்" என்பேன். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அவர் குழம்பும் இருக்கும். நீ ஒரு வாய் வைத்துக்கொண்டு "அமிர்தம்" என்பாய். நான் சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சில நாள் கசப்பு தெரிந்தது, சில நாள் அதுவும் இல்லை. வேறெந்தச் சுவையும் வரவில்லை. பிறகு வியாதி திரும்பியது. அதில் எழுத ஒன்றுமில்லை, உனக்கே தெரியும்.

போன வாரம் உன் வருஷத் திதி. அம்மா மண்டபத்தில் காரியத்தை முடித்துக்கொண்டு, ஈரத் தலையோடு உன் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். மறைக்காம சொல்லுங்க. அவளுக்கு நாக்குல ருசியே இல்லைதானே?"

உனக்குச் சொன்ன 'சரி' குறுக்கே நின்றது.

"நீங்க சொல்ல மாட்டீங்க. எனக்கே தெரியும். ஒரு ஞாயித்துக்கிழமை பட்டறையிலேர்ந்து போன் மேல போன். அந்த அவசரத்துல கொழம்புக்கு உப்பே போடலை. அமிர்தம்னு சொல்லி ரெண்டாந்தரமும் ஊத்திக்கிட்டா. அப்புறம் நான் சாப்பிட உக்காந்தேன். வாயில வெக்க முடியலை."

"அவகிட்ட கேட்டேளா?"

"எப்படிக் கேப்பேன்? எனக்காகத்தானே சொல்றா. நிறுத்தினா ஏன்னு கேப்பா. அதனால தெரியாத மாதிரியே வாராவாரம் வெச்சேன்."

ஆக, நீ அவரை ஏமாற்றினாய், அவர் உன்னை ஏமாற்றினார், நடுவில் நான் தீய்ந்த அப்பளத்தோடு உட்கார்ந்திருந்திருக்கிறேன். நல்ல குடும்பம், போ.

"எதுவுமேவா தெரியலை அவளுக்கு?" என்று கேட்டார். அவருக்கே தெரிந்துவிட்ட பிறகு என் சத்தியத்தில் காப்பாற்ற என்ன மிச்சம்? கசப்பு தெரிந்தது என்றேன். கடற்கரையில் நான் மீனைக் கருகவிட்டதையும், நீ கத்தினதையும், சுரண்டித் தின்றதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். காபி ஆறிப்போயிற்று. கிளம்பி வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் ஒன்று சொன்னார். ஒரு வாரமாக அது என்னோடேயே நடமாடிக்கொண்டிருக்கிறது.

நேற்று அந்தச் சோளக்கதிர்ப் பெண்ணிடம், "ஒரு பக்கம் நன்னாக் கருகட்டும்மா" என்றேன். "கருகினா கசக்குமேம்மா" என்றாள். பரவாயில்லை என்றேன். அவள் சுட்டு முடிக்கும்வரை முகத்தைத் திருப்பாமல், மூச்சை இழுத்துக்கொண்டு அடுப்புப் பக்கத்திலேயே நின்றேன்.

அவர் சொன்னது எனக்குச் சொன்னதில்லை. உனக்குச் சேர வேண்டியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர். கொஞ்சம் கருக விட்டிருப்பேனே."