‘வா’ என்று சொல்லப் பல் வேண்டும்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆரம்பாக்கத்தில் ரயில் லேட். கம்பெனி எடை மேடையில் லாரி வரிசை, ஒரே ஹாரன். வாயெல்லாம் எரிச்சல். டீகூட இறங்கவில்லை.

மதியம் பர்மிஷன். கும்மிடிப்பூண்டி பல் டாக்டரம்மா மேல் பல் செட்டைக் கழற்றிப் பார்த்தார். அண்ணம் முழுக்கச் சிவப்பு. பூஞ்சையாம். மழைக்குச் சுவரில் பிடிக்குமே, அது என் வாயில்!

“நைட்டு கழட்டி வைக்கறீங்களா, போட்டுக்குனே தூங்கறீங்களா?”

கழற்றுவேன் என்று புளுகினேன். நம்பவில்லை. பல்பொடி போட்டுத் தேய்ப்பதைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

எப்படிக் கழற்றுவது? குவைத்தில் வீட்டு வேலை பார்க்கிற என் பெண்டாட்டி மல்லிகா, அந்த வீட்டார் எழுவதற்கு முன்னால் விடிகாலையில், நான் படுக்கையில் இருக்கும்போதே வீடியோவில் கூப்பிடுவாள். அவள் வேலைக்குப் போன பிறகுதான் எனக்குப் பல் கொட்டியது. செட் கட்டியதே அவளுக்குத் தெரியாது. “இன்னாய்யா, பல்லு பளபளன்னுது, இன்னா பேஸ்ட்டு?” என்று கேட்டவள். அவளிடமா இந்தப் பொக்கை வாயைக் காட்டுவேன்?

நவம்பர் 4, செவ்வாய்

நேற்றே செட்டைக் கொடுத்தாயிற்று. டாக்டரம்மா சொன்னது: “இது அக்ரிலிக். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும், உங்க பொடி போட்ட கீறல் வேற. சுத்தம் பண்ணி மேல ஒரு பூச்சு குடுப்பாங்க. வழவழன்னு இருந்தா பூஞ்சை ஒட்டறது கம்மியாகும். அதுக்குன்னு போட்டுக்கிட்டே தூங்கலாம்னு நினைக்காதீங்க.”

சென்னை லேபுக்குப் போகிறது. வெள்ளி சாயங்காலம் வரும். அதுவரை வாய்க்கு மருந்து, கஞ்சி.

காலையில் மல்லிகா கூப்பிட்டாள். கட் பண்ணிவிட்டு, கேமரா போச்சு என்று மெசேஜ். பதிலுக்கு அவள் குரல் வந்தது:

“மேடம் இன்னும் ரெண்டு வர்சம் இருன்னுது. இந்த வாரத்துக்குள்ள சொல்லணுமாம். நான் ஊட்டுக்கு வரவா, வாணாமா? உன் வாயால சொல்லுய்யா.”

அதைப் பத்துத் தடவையாவது போட்டுக் கேட்டிருப்பேன்.

நவம்பர் 5, புதன்

வீடியோ இல்லாமல் பேசிவிடலாம் என்று கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்தேன். ‘போ’ மணி மணியாக வருகிறது. ‘வா’ வரவில்லை. மேல் பல் கீழ் உதட்டைத் தொட்டால்தானே! வெறும் காற்று. என்ன கொடுமைடா இது.

டைப் அடித்து அனுப்புகிற வார்த்தையா? நாலு வருஷமாக நெஞ்சில் இருப்பது. சனிக்கிழமை பேசுகிறேன் என்று மட்டும் அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. பதில் இல்லை.

நவம்பர் 6, வியாழன்

எடை மேடையில் நாகராஜ்: “இன்னா நைனா, மௌன விரதமா? ஊட்ல சண்டையா?”

சண்டை போட ஆள் வேண்டாமா, மடையா.

அவள் வந்தால்: பழவேற்காடு நண்டு. பின்கதவுத் தாழ்ப்பாள் (வந்ததும் அதற்குத்தான் திட்டுவாள், திட்டட்டும்). கட்டிலை ஜன்னல் பக்கம் போட வேண்டும். ஒன்றுமே பேசாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். ரொம்ப ஏக்கமாக இருக்கிறது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

இன்றும் அவள் கூப்பிடவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

பல் வந்துவிட்டது. கண்ணாடி மாதிரி வழவழப்பு, நாக்கு வழுக்குகிறது. கழுவ மெத்தென்ற பிரஷ், சோப்பு மட்டும். பொடியைத் தொட்டால் பூச்சு போய்விடுமாம். ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் வா, வா என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு அம்மா தள்ளிப் போய் நின்றாள்.

நவம்பர் 8, சனி

காலையில் நானே வீடியோவில் கூப்பிட்டேன். எடுத்தாள். இளைத்திருக்கிறாள்.

“வந்துடு மல்லி,” என்றேன். சுத்தமாக வந்தது.

போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு, “இப்ப சொல்றியேய்யா. நேத்து கையெழுத்து போட்டுட்டேன். மூஞ்சியே காட்டல நீ. நான் வாணாம்னு நெனச்சிக்கினேன்.”

செட், பூஞ்சை, பூச்சு, எல்லாம் உளறினேன்.

“கழட்டு. பாக்கறேன்.”

கழற்றினேன்.

“இதுக்கா?” என்றாள். “இதுக்காய்யா?”

உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் வாயை மூடவில்லை.