குழாய் பேண்ட் மாப்பிள்ளை

1962 பிப்ரவரி 6, செவ்வாய். விழுப்புரம்

உலகம் நேற்று அழியவில்லை. எட்டுக் கிரகம் ஒன்றாகச் சேர்கிறது, எல்லாம் முடிந்தது என்று ஊரே மூன்று நாளாகப் பூஜையும் பஜனையுமாகக் கிடந்தது. அத்தை கெங்கம்மாள், இனி யாருக்கு என்று, மாங்காய் ஊறுகாய் ஜாடியைக் காலி செய்துவிட்டாள். இன்று காலை வழக்கம்போல பாசஞ்சர் வந்தது, பால்காரர் வந்தார், அத்தைக்கு வயிற்றுவலி வந்தது.

உலகம் அழியாததால் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை திண்டிவனம் தாலுகா ஆபீசில் கிளார்க். பெயர் தேவநாதன். "ரொம்ப நாகரீகமான புள்ள, மெட்ராஸ்ல துணி தெச்சிக்கிறாரு" என்றாராம் தரகர். அதைக் கேட்டு அம்மாவுக்குப் பெருமை. அப்பாவுக்கு மட்டும் முகம் சுருங்கிவிட்டது.

பிப்ரவரி 10

அப்பா தன் கேபர்டின் துணிப் பேண்ட்டை எடுத்து இஸ்திரி போடச் சொன்னார். ரயில்வேயில் கார்டாக இருந்தபோது, 1951இல் பாண்டிச்சேரியில் தைத்த இரண்டில் ஒன்று. இடுப்பில் நான்கு மடிப்பு, காலில் ஒரு குடும்பம் குடியிருக்கலாம். கீழே ஒரு அகலமான மடிப்பு, அதற்குள் எப்போதும் மல்லாட்டைத் தோல்; ரயிலில் வேர்க்கடலை கொறித்த பழக்கம் போகவில்லை. உட்காரும் முன் இரண்டு முழங்காலிலும் துணியை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிவிட்டு, பிறகுதான் உட்காருவார். மடிப்புக் கலையக் கூடாதாம். மகாராஜா சிம்மாசனம் ஏறுகிறார் என்று அம்மா சொல்லுவாள்.

"இப்ப எவன் எவனோ தலகாணி ஒற மாதிரி மாட்டிக்கினு திரியறான். பாத்துக்கினே இரு, ஒரு நாளு என் பேண்ட்டுதான் ஃபேஷனா ஆவும்."

அப்பாவுக்கு இந்த ஞானம் மாதம் ஒருமுறை வரும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

எழுதாமல் இருக்க முடியாது. எழுதினால் ஒளித்து வைக்க வேண்டும். எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வந்தார். குழாய் பேண்ட். கறுப்பு. காலில் துணி இருக்கிறதா, மை பூசியிருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் அவருடைய பெரியப்பா உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களுக்கு ஜமக்காளம். நான் காப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அவருக்கு நேர் பின்னால்.

"ஒக்காருங்க தம்பி" என்றார் அப்பா. அவர் பாதி குனிந்தார். டர்ர்ர்.

அந்த நேரம் பார்த்து ஸ்டேஷனில் ஒரு எஞ்சின் ஊதித் தொலைத்தது. யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. கேட்டது மட்டுமா? உள்ளே நீலக் கோடு போட்ட டிராயர். நான் எண்ணவில்லை. மூன்று கோடு.

அவர் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினார். என்னைப் பார்த்தார். வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பையன் முகம். அப்புறம் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டார். காப்பி கொடுக்கும்போது, மற்றவர்களுக்குத் தெரியாமல் தலையை லேசாக ஆட்டினார். சொல்லிவிடாதே என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பை அடக்கிக் காது வலித்தது. ஆனால் அவரும் சிரித்தார். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கிற ஆண்பிள்ளையை நான் இந்த வீட்டில் பார்த்ததில்லை.

கடைசிவரை உட்காரவில்லை. கிளம்பும்போது வாசல்வரை பின்பக்கமாகவே நடந்து போனார்.

"சாமிக்கு முதுவு காட்டாம வர்ற மாதிரி! இன்னா மரியாதை!" என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிப்ரவரி 12

அத்தைக்கு வயிறு சரியாகிவிட்டது. வாய் திறந்துவிட்டது.

"அத்தன வாட்டி சொல்லியும் ஒக்காரலியே, யாரும் யோசிக்கலியா? அந்தப் புள்ளைக்கு முட்டி மடங்காது. பின்னால நடக்கறதுகூட அதனாலதான். திரும்ப முடியல."

அப்பா சிரித்துத் தள்ளிவிட்டார். ஆனால் ராத்திரி திண்டிவனத்துக்கு ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்லலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் எங்கே பார்த்தாள் என்பார்கள். அதோடு, அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நானும் ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 15

அப்பா ரயிலேறி திண்டிவனம் தாலுகா ஆபீசுக்குப் போய் வந்தார். அங்கே தேர்தல் வேலையில் எல்லோரும் பறந்துகொண்டிருந்தார்களாம். மாப்பிள்ளை நாற்காலியில்தான் இருந்தாராம், காலை மேஜைக்கடியில் நீட்டிக்கொண்டு. அதே குழாய். அப்பா வேண்டுமென்றே குடையைக் கீழே போட்டிருக்கிறார். மாப்பிள்ளை அதைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பியூனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்.

"குனியவே இல்ல வீரம்மா" என்றார் அம்மாவிடம். குரலே இறங்கிவிட்டது.

ஏன்யா, ஒரு வேட்டி கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனால் என்ன?

பிப்ரவரி 18

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வேறு ஒரு வரன். கரும்பு, நெல், சொந்த பம்புசெட். வர்ற ஞாயிறு வந்து பார்க்கிறார்களாம். "முட்டி நல்லா மடங்குதாம்" என்று அத்தை முன்னாலேயே விசாரித்துவிட்டாள்.

பிப்ரவரி 20

தூக்கம் வரல. எனக்கு அந்த ஆளத்தான் புடிச்சிருக்குது. எழுதிட்டேன். இன்னா இப்ப? கரும்புக்காரரு நல்லவராவே இருக்கட்டும் — அவரு வேட்டி கிழிஞ்சா சிரிப்பாரா? என்னப் பாத்து சிரிப்பாரா? ஒரு பேண்ட்டுக் கிழிஞ்சதுக்கு என் கல்யாணம் நிக்கணுமா?

இவ்வளவு வாய் பேசுகிறேன். அப்பா எதிரில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

பிப்ரவரி 22

சொல்லிவிட்டேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை மறுபடியும் முட்டியை ஆரம்பித்தாள். கையில் ரசக் கரண்டியோடு, யாரையும் பார்க்காமல் சொன்னேன்.

"அவருக்கு முட்டி நல்லாத்தான் இருக்குது. பேண்ட்டுதான் மடங்கல."

"உனுக்கு எப்புடித் தெரியும்?" என்றாள் அம்மா.

"கிழிஞ்சிடுச்சி. பாத்தேன்."

"எங்க பாத்த?"

"பின்னால."

அத்தை வாயில் கையை வைத்தாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் செத்தேன் என்று நினைத்தேன். பார்த்தால் அப்பாவின் தோள் குலுங்குகிறது. புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்து, "அதான் பின்னாலயே போனானா! அதான் குடைய எடுக்கலியா! ஐயோ பாவம், கொழந்த!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா சிரித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கரண்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன்.

பிப்ரவரி 24

கரும்புக்காரருக்கு வர வேண்டாம் என்று ஆள் போயிற்று. அப்பா தன் கேபர்டின் பேண்ட் ஒன்றைப் பொட்டலமாகக் கட்டி, பழைய கார்டு சிநேகிதர் மூலம் திண்டிவனம் அனுப்பினார். உள்ளே ஒரு சீட்டு: 'இதைப் போட்டுக்கொண்டு மார்ச் நாலாம் தேதி சாப்பிட வரவும். இலை தரையில்தான் போடுவோம்.'

அவர் வருவாரா? அவமானமாக நினைத்துவிட்டால்?

மார்ச் 4, ஞாயிறு

வந்தார். இடுப்பில் இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டே தெருவெல்லாம் நடந்து வந்திருக்கிறார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூன்று முறை சாம்பார் கேட்டார். அத்தை பரிமாறவே இல்லை, முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை ஊன்றாமல் எழுந்தபோது "நல்லா மடங்குது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

கை கழுவ வந்தவர் கொல்லை வாசலில் நின்றார். "காட்டிக் குடுத்துட்டீங்களே."

"இல்லன்னா திருவெண்ணெய்நல்லூருக்குக் கரும்பு வெட்டப் போயிருப்பேன்" என்றேன். அப்புறம், "கோடு எத்தினின்னு மட்டும் சொல்லல."

காது வரை சிவந்துவிட்டார்.

போகும்போது சாதாரணமாக முதுகைக் காட்டிக்கொண்டு போனார். அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஜூன் 1, வெள்ளி

கல்யாணம். வேட்டி என்பதால் மணையில் ஒரு சேதமும் இல்லை.

1964 ஆகஸ்ட் 9. திண்டிவனம்

என் வீட்டுக்காரர் திருந்தவில்லை. இன்னும் குழாய்தான். காலையில் காலுக்குப் பவுடர் போட்டு நுழைக்கிறார். சாயங்காலம் கழற்றும்போது நான் ஒரு பக்கம் இழுக்கிறேன், குதிகால் ஒரு பக்கம் இழுக்கிறது. வீட்டுக்குள் வந்தால் வேட்டி. அப்பாவின் பேண்ட் பெட்டி அடியில் கிடக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வெச்சிக்குங்க மாப்ள, ஆபத்துக்கு ஒதவும்" என்றாராம்.

இன்று அப்பா வந்திருந்தார். முழங்காலில் துணியைக் கிள்ளித் தூக்கிவிட்டு உட்கார்ந்தார். "இன்னும் ஃபேஷனா ஆவலியாப்பா?" என்றேன். "கொஞ்சம் பொறு" என்றார்.

1967 நவம்பர் 19

அப்பா போய்விட்டார். பதினேழு நாள் ஆகிறது. இன்றுதான் எழுத முடிகிறது.

காரியம் முடிந்ததும் அவர் துணிகளை வழக்கப்படி எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு கேபர்டினும் போய்விட்டது. யார் வாங்கிக்கொண்டார்களோ. கேட்கவும் தோன்றவில்லை.

1969 அக்டோபர் 26

என் வீட்டுக்காரருக்குச் செய்தி கிடைத்துவிட்டது. மெட்ராஸில் இப்போது அகலக் காலாம். குழாய் போட்டால் சிரிக்கிறார்களாம். ஆபீசில் ஒரு சின்னப் பையன் இவருடைய பேண்ட்டைப் பார்த்து, "சார், இது உங்க காலத்து மாடலா?" என்று கேட்டுவிட்டான். இரண்டு நாள் சாப்பாடு சரியில்லை.

தையல்காரர் அப்துல் வஹாப், புது மாடல் என்று ஒரு பேண்ட் காட்டியிருக்கிறார். தொடையில் இறுக்கம், கீழே மணி மாதிரி விரிகிறது. "மேல இறுக்கம் நமக்கு ஆவாது பாய்" என்று வந்துவிட்டாராம். காரணத்தை அவர் சொல்லியிருக்க மாட்டார். வந்தவுடன் பெட்டியைக் கிளறினார். அடியிலிருந்து அப்பாவின் பேண்ட்டை எடுத்து உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதான்" என்றார்.

புதிது தைக்க மாதிரிக்கு வேண்டுமாம். பாயிடம் கொடுத்துவிட்டு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 30

அப்துல் வஹாப் பாய் அளவு எடுத்துக்கொண்டு பேண்ட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "இடுப்பத் தவுர எல்லாம் அப்படியே வெச்சிடறேன். இத தெச்சவன் பெரிய ஆளுங்க" என்றாராம். அதோடு ஒரு காகிதப் பொட்டலம். கீழ் மடிப்பில் இருந்ததாம். பிரித்தேன். மல்லாட்டைத் தோல்.

எறியவில்லை. எதற்கு வைத்திருக்கிறேன் என்றும் தெரியவில்லை.

1969, தீபாவளி

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். நின்றார், நின்றார். எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் வந்து, "சூப்பருங்க, மெட்ராஸ்ல எந்தக் கடை?" என்று கேட்டுவிட்டுப் போனான். "பாண்டிச்சேரி" என்றார் இவர், கொஞ்சமும் கூசாமல்.

இலை போட்டேன். வந்தார். உட்காரும் முன் ஒரு நொடி நின்று, இரண்டு முழங்காலிலும் துணியை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிவிட்டு உட்கார்ந்தார்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தத் துணிக்கு அப்படித்தான் உட்கார வேண்டியிருக்கிறது போல. நான் இட்லித் தட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன். அப்பாவே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இரண்டு வருஷமாக நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதுகூட எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

"இன்னா அப்புடிப் பாக்கற? கிழிஞ்சிடுச்சா?" என்று பதறிக் கையைப் பின்னால் கொண்டுபோனார்.

"இல்ல" என்றேன். "ஒக்காருங்க. ஃபேஷனா ஆயிடுச்சி."

புரியாமல் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் இலையில் நான்கு இட்லி வைத்தேன்.