உங்கள் வம்சத்துக் கண்

என் கணவருக்கு,

அன்பு என்ற சொல்லை எழுத இன்று கை வரவில்லை.

கண்புரைக்கு அளவெடுக்க, எனக்கு லீவு நாளாகப் பார்த்து எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறீர்கள். "முன்னாடி கண்ணுல ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா?" என்று என்னோடு வேலை பார்க்கிற பெண் கேட்டதற்கு, "சேச்சே, எங்க வம்சத்துலயே யாரும் கண்ணாடி போட்டதில்லம்மா" என்றீர்களாம்.

இன்று உங்கள் கருவிழியின் படத்தைப் பார்த்தேன். நடுவில் இழைத்துவிட்டதுபோலத் தட்டையாக இருக்கிறது. தினமும் கண்ணை அளக்கிறவளுக்கு லேசர் பட்ட கண் தெரியாதா? போட்டிருந்த கண்ணாடியை ஒழிக்கக் கல்யாணத்துக்கு முன்பே லேசர் செய்துகொண்டு, இத்தனை வருஷம் என்னிடமே மறைத்திருக்கிறீர்கள்!

லேசர் செய்த கண்ணை, அளவெடுக்கிற மிஷின் தப்பாகத்தான் அளக்கும். அந்தக் கணக்கில் லென்ஸ் வைத்திருந்தால், புரை போன பிறகும் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். டாக்டரிடம் சொல்லிவிட்டேன். வேறு முறையில் கணக்குப் போடுகிறார். உங்கள் கண் தப்பித்தது.

நம் மகளுக்கு என்ன பதில்? சின்ன வயதிலேயே அவளுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி வந்தபோது, "எல்லாம் உங்கம்மா வீட்டு வாகு" என்று என் அப்பா எதிரிலேயே சொன்னீர்கள். அவர் கூனிக்குறுகிப் போனார். இன்றும் போட்டோ என்றால் அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கேமரா எந்தப் பக்கம் என்று தெரியாமல் சிரிக்கிறாள்.

சாயங்காலம் வருவாள். நான் வாயைத் திறக்க மாட்டேன். "உன் கண்ணு என் கண்ணுதாம்மா" என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி